பழைய சுவருக்கு மறுபடி பெயின்ட்: பிரைமர் எங்கே வேண்டும், எங்கே தண்டம்?

#1 சுவர்க்கோழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வீட்டுக்குள் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்கு முன் பிரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டுமா என்று கேட்க இரண்டு பெயின்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலாமவர் சுவரைத் தொடக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே “எல்லாச் சுவருக்கும் ஒரு கோட் பிரைமர் அடித்தாக வேண்டும்” என்றார். இரண்டாமவர் “எமல்ஷனுக்கு மேல் எமல்ஷன்தானே, பிரைமர் தண்டம்” என்றார். இருவரும் அனுபவசாலிகள். நான் குழம்பிப்போய், வேலையை நானே செய்துவிடலாம் என்ற விபரீத முடிவுக்கு வந்திருக்கிறேன்.

சுவர்களின் நிலைமை இதுதான்.

கூடம்: ஆறு ஆண்டுகளுக்கு முன் அடித்த மேட் எமல்ஷன் (பளபளக்காத, தண்ணீரில் கலக்கும் பெயின்ட்), அடர் நீலம். உரியவில்லை, வெடிக்கவில்லை. இப்போது வெள்ளையை ஒட்டிய நிறத்துக்கு மாற்றப் போகிறேன்.

படுக்கையறை: வெளிர் நிறம், மறுபடியும் அதே நிறம்தான். ஆனால் ஆணி ஓட்டைகளும் இரண்டு மெல்லிய விரிசல்களும் இருந்தன. பட்டி (ஓட்டையை அடைக்கும் வெள்ளைப் பூச்சு) பார்த்துத் தேய்த்துவிட்டேன். சுவர் முழுக்க இப்போது வெள்ளைத் திட்டுகள்.

சிறிய அறை: மேலே குழாய் கசிந்து கூரை மூலையில் பழுப்பு வளையம் விழுந்திருக்கிறது. கசிவை அடைத்து இரண்டு மாதம் ஆகிறது.

நடை: இடுப்பு உயரம் வரை பளபளப்பான பெயின்ட். எனாமலா (எண்ணெய்ப் பெயின்ட்) வேறு எதுவுமா என்று தெரியவில்லை.

நான் வாங்கி வைத்திருக்கும் எமல்ஷன் டப்பாவில் “பிரைமரும் பெயின்ட்டும் ஒன்றில்” என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் இந்தக் கேள்விக்கே இடமில்லையோ?

#2 பழையதூரிகை

தம்பி, முப்பத்து நான்கு ஆண்டு இந்த வேலை பார்த்து ஓய்ந்தவன் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடித்துவிடுங்கள். பிரைமர் அடித்ததற்காக வருந்தியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அடிக்காமல் விட்டு வருந்தியவர்கள் ஒரு தெருவை நிரப்புவார்கள்.

#3 எண்பதாம்நம்பர்

பழையதூரிகை ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. அது பெயின்டருக்குப் பாதுகாப்பான பதில். பத்து வீடு பார்ப்பவர் ஒவ்வொரு சுவரையும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. மொத்தமாக ஒரு கோட் அடித்துவிட்டால் பிறகு யாரும் கூப்பிட்டுக் குறை சொல்ல மாட்டார்கள். சொந்த வீட்டில் சொந்தக் கையால் அடிப்பவருக்கு நேரம் இருக்கிறது. அவர் சுவரைக் கேட்கலாம்.

பிரைமர் மூன்று வகைச் சுவருக்கு மருந்து: குடிக்கிற சுவர், வழுக்குகிற சுவர், கறை கக்குகிற சுவர். இந்த மூன்றில் எதுவும் இல்லாத சுவருக்கு, தூசி துடைத்து நேரடியாக இரண்டு கோட் எமல்ஷன் போதும். பழைய எமல்ஷன் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே புதிய எமல்ஷனுக்குப் பிரைமர்.

சுவர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் செய்யும் சோதனைகளைச் சொல்கிறேன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.

முதலில் கறுப்புத் துணி. சுவரில் அழுத்தி ஒரு முழ நீளத்துக்குத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளை மாவு படிந்தால், பழைய பெயின்ட்டில் பசைத்தன்மை செத்து வெறும் பொடி மட்டும் நிற்கிறது என்று பொருள். அதன் மேல் எதை அடித்தாலும் அது பொடியின் மேல்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது.

பிறகு தண்ணீர். விரலை நனைத்துச் சுவரில் உதறுங்கள். துளிகள் நிறம் மாற்றாமல் கீழே ஓடினால் சுவர் மூடிக்கிடக்கிறது. சில நொடிகளில் உறிஞ்சி அந்த இடம் இருண்டால் அது குடிக்கிற சுவர்; பிரைமர் வேண்டும். படுக்கையறையில் பட்டி பார்த்த இடத்திலும் பார்க்காத இடத்திலும் பக்கத்துப் பக்கத்தில் இதைச் செய்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் பிளேடும் ஒட்டுநாடாவும். பெயின்ட்டைக் கீறிப் பெருக்கல் குறி ஒன்று போடுங்கள். அதன் மேல் நாடாவை நன்றாகத் தேய்த்து ஒட்டி, ஒரே இழுப்பில் பிடுங்குங்கள். நாடாவோடு செதில் வந்தால் அங்கே பிரைமரைப் பற்றிப் பேசுவதற்கே நேரம் வரவில்லை. முதலில் சுரண்ட வேண்டும். தொழிற்சாலைகளில் பூச்சின் ஒட்டுத்திறனைச் சோதிக்கும் ஏ.எஸ்.டி.எம். டி3359 என்ற முறையும் அடிப்படையில் இதே கீறலும் நாடாவும்தான்.

நடைக்கு ஸ்பிரிட். பஞ்சில் நனைத்து அழுக்கில்லாத ஓர் இடத்தில் நன்றாகத் தேய்க்கவும். பெயின்ட் இளகிப் பஞ்சில் நிறம் ஏறினால் எமல்ஷன். எவ்வளவு தேய்த்தும் அசையாவிட்டால் எண்ணெய் எனாமல்.

#4 சுவர்க்கோழி

மிக்க நன்றி. ஒரு சிறு திருத்தம்: பழையதூரிகை ஐயா, நான் தம்பி அல்ல, தங்கை. சோதனை முடிவுகளோடு நாளை வருகிறேன்.

#5 பழையதூரிகை

மன்னிக்கவும் அம்மா. பெயரில் கோழி என்று பார்த்தும் சேவல் என்று நினைத்துவிட்டேன்.

எண்பதாம்நம்பர், நீங்கள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நூறு இடத்தில் பட்டி பார்த்த சுவரில் நூறு இடத்தில் மட்டும் பிரைமர் தடவிக்கொண்டு நிற்பதா, ரோலரை எடுத்து அரை மணியில் முழுச் சுவரையும் முடிப்பதா? எது வேலை மிச்சம்?

#6 எண்பதாம்நம்பர்

நூறு இடமென்றால் முழுச் சுவர்தான், மறுப்பில்லை. சுவரில் கால் பங்குக்கு மேல் பட்டி ஏறியிருந்தால் நானும் முழுதாகவே அடிப்பேன். பத்து ஆணி ஓட்டைக்கு ஒரு சுவரையே குளிப்பாட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

#7 கரணை

நான் பூச்சு வேலைப் பக்கத்து ஆள். இந்த இழையில் யாரும் சொல்லாமல் விட்ட ஒன்று: பட்டி பார்த்த இடம் ஏன் திட்டாகத் தெரிகிறது என்பது.

பட்டி காய்ந்த பின் பஞ்சு போல. எமல்ஷன் அதன் மேல் விழுந்ததும் நீரையும் பசையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே நிறப்பொடி மட்டும் மிஞ்சும். பக்கத்தில் பழைய பெயின்ட் எதையும் இழுக்காது. அங்கே பசை மேலேயே நின்று லேசாக மினுக்கும். ஆகவே நிறம் ஒன்றுதான், ஒளி பட்டுத் திரும்பும் விதம்தான் வேறு. நேரே நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மாலையில் ஜன்னலிலிருந்து வெளிச்சம் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு ஆணி ஓட்டையும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். பளபளப்புக் கூடிய பெயின்ட்டில் இன்னும் மோசம். மேட் பெயின்ட் கொஞ்சம் மன்னிக்கும்.

இதற்காக மூன்று கோட், நான்கு கோட் என்று எமல்ஷனை ஏற்றுபவர்கள் உண்டு. கடைசியில் மறையவும் மறையலாம். ஆனால் அந்த நான்காவது கோட்டின் வேலையை விலை குறைந்த பிரைமர் ஒரே தடவையில் செய்திருக்கும்.

#8 நடுஇரவுவேலை

இடையில் என் கேள்வி, மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஓர் அறையைத் தடுத்துப் புதுச் சுவர் எழுப்பிச் சிமென்ட் பூசி ஒன்பது நாள் ஆகிறது. காய்ந்துவிட்டது போல் இருக்கிறது. மிச்சம் கிடக்கும் எண்ணெய் பிரைமரை இதற்கு அடிக்கலாமா?

#9 கரணை

வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஒன்பது நாளில் காய்ந்தது போல் இருப்பது மேல்தோல்தான். சிமென்ட் பூச்சுக்கு 28 நாள் என்ற கணக்கு சும்மா வந்ததில்லை. உள்ளே ஈரம் இருக்கிறது. அதைவிட முக்கியம், புதுப் பூச்சு கடுமையான காரம், அதன் பி.எச். 12, 13 என்ற அளவில் நிற்கும். எண்ணெய் பிரைமரில் இருக்கும் எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு ஆகும். சோப்புக் காய்ச்சும் தொழிலே அதுதானே. உங்கள் சுவரில் பிரைமர் பிசுபிசுத்து, இளகி, மேலே அடித்த பெயின்ட்டையும் சேர்த்துக் கழற்றும்.

நான்கு வாரம் பொறுங்கள். பிறகு காரத்தைத் தாங்கும் அக்ரிலிக் பிரைமர், தண்ணீரில் கலப்பது. மிச்சம் கிடக்கிறது என்பதற்காக எதையும் சுவரில் ஏற்றாதீர்கள்.

#10 நடுஇரவுவேலை

நல்ல வேளை, கேட்டேன். டப்பாவை ஏற்கெனவே திறந்து கலக்கிவிட்டிருந்தேன்.

#11 வெள்ளைத்தாள்

பட்டிக்கு முன் பிரைமரா, பட்டிக்குப் பின் பிரைமரா? நான் கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

#12 பழையதூரிகை

இந்தக் கேள்வியில் சண்டை போட்டே பல பேர் நட்பை இழந்திருக்கிறார்கள். இரண்டு பட்டி இருக்கிறது என்பதை மறந்துவிட்டுச் சண்டை போடுவதுதான் காரணம்.

வெள்ளைச் சிமென்ட் பட்டி, வெறும் சிமென்ட் பூச்சில் நேராகப் பிடிக்க வேண்டியது. சுவரைத் தண்ணீரில் நனைத்துவிட்டு ஏற்ற வேண்டும். நடுவில் பிரைமர் அடித்தால் இரண்டு சிமென்ட்டுக்கும் இடையே திரை போட்டது போல் ஆகிவிடும். டப்பாவில் கலந்தே வரும் அக்ரிலிக் பட்டி வேறு ஜாதி. வெறும் பூச்சில் அதை ஏற்றுவதென்றால் கீழே ஒரு கோட் பிரைமர் வேண்டும்.

எந்தப் பட்டியானாலும் தேய்த்து முடித்த பிறகு மேலே பிரைமர் உண்டு. அதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பழைய பெயின்ட்டின் மேல் வெள்ளைச் சிமென்ட் பட்டியை இழுக்காதீர்கள். பிடிக்காது, தட்டினால் டொக் டொக்கென்று வெற்றொலி கேட்கும், பிறகு தகடாக விழும். பெயின்ட் அடித்த சுவரில் ஓட்டை அடைக்க அக்ரிலிக் பட்டிதான்.

தேய்த்த பிறகு தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடிப்பது இன்னொரு குற்றம். உப்புத்தாள் போட்ட சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், மாவு ஒட்டும். அந்த மாவின் மேல் அடித்தால் பிரைமர் மாவைப் பிடித்துக்கொள்ளும். மாவு யாரையும் பிடிக்காது. முதலில் துடைப்பம், பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணி.

#13 சுவர்க்கோழி

முடிவுகள் வந்துவிட்டன.

கூடம்: கறுப்புத் துணியில் ஒன்றுமில்லை. நீர் ஓடுகிறது. நாடாவில் எதுவும் வரவில்லை. படுக்கையறை: பழைய பெயின்ட் இருக்கும் இடத்தில் நீர் ஓடுகிறது, பட்டியில் மூன்று நொடியில் உள்ளே போய்விட்டது. நடை: ஸ்பிரிட்டுக்கு அசையவே இல்லை, எனாமல்தான். சிறிய அறையில் என்ன சோதிப்பது என்று தெரியவில்லை. அடர் நீலத்தை வெள்ளையாக்கவாவது பிரைமர் வேண்டுமல்லவா?

#14 எண்பதாம்நம்பர்

கூடத்துக்கு ஒட்டுவதற்காகப் பிரைமர் தேவையில்லை. மறைப்பதற்காகத் தேவையா என்பது கொஞ்சம் சுவாரஸ்யமான கேள்வி.

பிரைமர் வெள்ளையாக இருப்பதால் எல்லாப் பிரைமரும் நன்றாக மறைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பெயின்ட்டில் மறைக்கும் வேலையைச் செய்வது டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி. விலை உயர்ந்த சரக்கு அது. சாதாரணச் சுவர் பிரைமரில் அதைக் குறைவாகவே போடுவார்கள்; மிச்சம் சுண்ணக்கல் பொடி போன்றவை. உறிஞ்சுவதைத் தடுப்பதுதான் அந்தப் பிரைமரின் வேலை, நீலத்தை மறைப்பது அல்ல. அடித்த பிறகு நீலம் சாம்பல் கலந்து எட்டிப் பார்க்கும், நீங்கள் மனம் உடைந்து இழையில் வந்து திட்டுவீர்கள்.

வழி இரண்டு. மறைக்கும் திறன் கூடியது என்று தனியாக விற்கும் பிரைமரில் ஒரு கோட், பிறகு எமல்ஷன் இரண்டு கோட். அல்லது பிரைமரே இல்லாமல் எமல்ஷன் மூன்று கோட். உங்களிடம் இருக்கும் எமல்ஷன் நல்லதாக இருந்தால் நான் இரண்டாவதைச் செய்வேன். முதலில் ஒரு கதவு அளவு இடத்தில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். எத்தனை கோட் என்பதை அதுவே சொல்லிவிடும்.

எதிர்த் திசையில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் பல நேரம் மறைக்கும் திறன் குறைந்தவை. வெள்ளைப் பிரைமரின் மேல் சிவப்பு அடித்தால் நான்கு கோட் போனாலும் இளஞ்சிவப்பாகவே விழிக்கும். அதற்கு அடியில் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் போட்டால் ஒன்றிரண்டு கோட் மிச்சம்.

டப்பாவில் இருக்கும் வாசகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கொஞ்சம் கெட்டியான நல்ல எமல்ஷன், அவ்வளவுதான். ஏற்கெனவே பெயின்ட் அடித்து நலமாக இருக்கும் சுவரில் அது சொன்னபடி நடக்கும். ஆனால் அந்தச் சுவருக்கு எந்த எமல்ஷனுக்குமே பிரைமர் வேண்டியதில்லை! வெறும் பட்டியிலும் எனாமலிலும் பழுப்புக் கறையிலும் அந்த வாசகத்தை நம்பாதீர்கள்.

#15 ஈரக்காற்று

சிறிய அறையைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே பழுப்பு வளையத்தோடு ஓர் ஆண்டு குடித்தனம் நடத்தியவன் நான்.

முதல் கோட் வெள்ளை அடித்தேன், ஈரமாக இருக்கும்போது மறைந்தது. காலையில் பார்த்தால் வளையம் திரும்ப வந்துவிட்டது. இரண்டாவது கோட், மூன்றாவது கோட். ஐந்து கோட் அடித்தேன். ஐந்து முறையும் அது வந்து, “என்னைத் தேடினீர்களா?” என்பது போல் நின்றது. பெயின்ட் சரியில்லை என்று கடைக்காரரிடம் வாக்குவாதம் செய்தேன். பாவம் அவர்.

விஷயம் எளிமையானது. அந்தக் கறை தண்ணீரில் கரையக்கூடியது. எமல்ஷனிலும் தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு கோட்டிலும் நான் கறையைக் கரைத்துவிடுகிறேன்; பெயின்ட் காயும்போது நீர் மேலே ஏறி ஆவியாகிறது, கறையையும் கையோடு மேலே கூட்டி வருகிறது. மறைப்பதாக நினைத்துக்கொண்டு அதற்கு ஏணி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

தண்ணீர் இல்லாத பிரைமர் அடித்த பிறகுதான் அடங்கியது. கறை தடுக்கும் எண்ணெய்ப் பிரைமர், அல்லது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பிரைமர். இரண்டாவது இன்னும் கெட்டிக்காரன். புகைக் கறையையும் புகை நாற்றத்தையும்கூட அடைத்துவிடும். மார்க்கர் பேனா கிறுக்கல், சிகரெட் புகையின் மஞ்சள், தீப்பிடித்த அறையின் கரி, மரப்பலகையின் சாயம் எல்லாம் இதே இனம்தான். தண்ணீரில் கலக்கும் கறைத் தடுப்புப் பிரைமர்களும் கிடைக்கின்றன. லேசான கறைக்கு அவை போதும், ஆனால் இரண்டு கோட்டும் நிறைய பொறுமையும் வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அடியுங்கள். பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. எண்ணெய்ப் பிரைமர் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே பற்றிக்கொள்ளலாம். வெளியே விரித்துக் காயவிட வேண்டும்.

#16 கரணை

ஈரக்காற்று சொன்னதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. கசிவு உண்மையாகவே நின்றதா?

கூரையில் கறை இருக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் விடுங்கள். எடுக்கும்போது தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டப் பிரச்சினை. இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தால் மட்டும் பிரைமர் டப்பாவைத் திறக்கலாம்.

ஈரம் உள்ள சுவரை அரக்கு கொண்டு அடைப்பது, கொதிக்கும் பாத்திரத்தை மூடி போட்டு அமுக்குவது போல. ஈரம் வேறு வழி தேடும். பெயின்ட் கொப்புளமாக எழும்பும்.

உப்புப் பூத்த சுவரும் இப்படித்தான். வெள்ளையாகப் பஞ்சு போல் படிகிறதே, அது பூச்சுக்குள்ளிருந்து நீர் தூக்கி வந்த உப்பு. அதை ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போகும், காய்ந்ததும் திரும்பி வரும். உலர்ந்த தூரிகையால் உதிர்த்துப் பெருக்கி எடுக்க வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காதவரை உலகத்தில் எந்தப் பிரைமரும் உப்பை நிறுத்தாது. ஓதத்துக்கு ஒரு கோட் பிரைமர் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுங்கள்.

#17 வெள்ளைத்தாள்

கறுப்புப் பூஞ்சைக்கு?

#18 கரணை

அதே கதை. மேலே அடித்தால் அடியில் வளரும். கழுவி, கொன்று, உலரவிட்டு, பிறகு பெயின்ட். கழுவ பிளீச் எடுத்தால் அதோடு அம்மோனியா உள்ள எந்தத் திரவத்தையும் அமிலத்தையும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

#19 பழையதூரிகை

நடையை யாரும் தொடவில்லையே. தங்கை ஏமாறப்போகும் இடம் அதுதான்.

எனாமலின் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் அன்றைக்கு அருமையாக இருக்கும். ஒரு வாரம் அருமையாக இருக்கும். பிறகு ஒரு நாள் நாற்காலி இடிக்கும், சின்னதாக ஒரு முனை தூக்கும், அதை ஒரு குழந்தை பிடித்து இழுக்கும். பாம்புச் சட்டை போல் ஒரு கை அகலத்துக்கு முழுதாக உரிந்து வரும். என் தொழிலின் மூன்றாம் ஆண்டில் ஒரு வீட்டில் இது எனக்கே நடந்தது. முழு நடையையும் உரித்துவிட்டுச் சொந்தச் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். நான் “எல்லாவற்றுக்கும் பிரைமர்” என்று பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் மூலம் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

செய்ய வேண்டியது: முதலில் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கச் சோப்பு நீரால் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கை எனாமலுக்குள் தேய்த்து ஏற்றுவீர்கள். காய்ந்ததும் 180 அல்லது 220 எண் உப்புத்தாளால் பளபளப்புச் சாகும்வரை தேய்க்க வேண்டும். எனாமலை எடுக்கத் தேவையில்லை. கண்ணாடி போல் இருப்பது மங்கினால் போதும். துடைத்துவிட்டு, வழுக்குப் பரப்பில் பிடிப்பதற்கென்றே விற்கும் பிரைமர் ஒரு கோட். சாதாரணச் சுவர் பிரைமர் இங்கே உதவாது, அதுவும் சேர்ந்து உரியும்.

#20 ஈரக்காற்று

பழைய கட்டடம் என்றால் தேய்ப்பதற்கு முன் ஒரு நிமிடம். பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்த எண்ணெய்ப் பெயின்ட்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. சந்தேகம் இருந்தால் உலர்ந்த உப்புத்தாள் போடாதீர்கள். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆபத்து. முதலில் பரிசோதித்துப் பாருங்கள்.

#21 சுவர்க்கோழி

கட்டடத்துக்குப் பன்னிரண்டு வயதுதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு தேய்க்கிறேன். எண்பதாம்நம்பர் கட்சிக்கும் பழையதூரிகை கட்சிக்கும் நடுவில் நின்று வேலை செய்யப் போகிறேன்: கூடத்துக்குப் பிரைமர் இல்லை, படுக்கையறையில் பட்டித் திட்டுகளுக்கு மட்டும், சிறிய அறையில் கறைக்கு, நடையில் முழுதாக.

#22 எண்பதாம்நம்பர்

நல்ல தீர்ப்பு. காயும் நேரம்: தண்ணீர்ப் பிரைமர் என்றால் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம், எண்ணெய் என்றால் ஓர் இரவு. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் இன்னும் நேரம் கொடுங்கள். டப்பாவில் எழுதியிருப்பதே இறுதி. அதே நேரம் பிரைமர் அடித்துவிட்டு மாதக்கணக்கில் அப்படியே விடாதீர்கள். அது திறந்து கிடக்கப் படைத்த பூச்சு அல்ல. தூசியும் கைப்பிசுக்கும் ஏறிவிடும்.

#23 சுவர்க்கோழி (பதினாறு நாளுக்குப் பிறகு)

வேலை முடிந்தது, முதுகும் முடிந்தது.

கூடம்: மூன்று கோட். இரண்டாவது காய்ந்தபோது ஜன்னல் ஓரத்தில் நீலம் நிழலாகத் தெரிந்தது, மூன்றாவதில் போய்விட்டது. பிரைமர் இல்லாததால் ஒரு குறையும் இல்லை.

சிறிய அறை: பிளாஸ்டிக் தாள் இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தது. கறை தடுக்கும் எண்ணெய்ப் பிரைமர் ஒரு கோட் அடித்தேன். மறுநாள் மிக மெல்லிய வளையம். ஈரக்காற்று நினைவுக்கு வந்தார், இன்னொரு கோட் அடித்தேன். அதன் பிறகு எமல்ஷன். எட்டு நாள் ஆகிறது, வரவில்லை.

படுக்கையறையில்தான் தோற்றுவிட்டேன். திட்டுகளுக்குப் பிரைமர் வைத்து இரண்டு கோட் எமல்ஷனும் அடித்தேன். இருந்தும் மாலை வெளிச்சத்தில் ஓட்டைகள் இருந்த இடம் தெரிகிறது. கரணை சொன்னபடியே எழுந்து நின்று வணக்கம் சொல்கின்றன. பிரைமர் வைத்தும் ஏன்?

#24 பழையதூரிகை

பிரைமரை எதனால் வைத்தீர்கள், தூரிகையாலா?

#25 சுவர்க்கோழி

ஆமாம், சின்னத் தூரிகையால்.

#26 பழையதூரிகை

அதுதான். கையை மேலே வைத்துத் தடவிப் பாருங்கள். சுவர் முழுக்க ரோலர் விட்டுப் போன பொடிப் புள்ளிகள், ஆரஞ்சுத் தோல் போல. பட்டி பார்த்துத் தேய்த்த இடம் வழவழ. அதன் மேல் தூரிகை இழுத்த கோடு. உறிஞ்சும் பிரச்சினையைப் பிரைமர் தீர்த்துவிட்டது. இப்போது நீங்கள் பார்ப்பது பரப்பின் வித்தியாசம். சின்ன ரோலரால் பிரைமரை வைத்து, ஓரங்களை வெளிப்பக்கம் இழுத்து மெலிதாக்கியிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது.

எண்பதாம்நம்பர், இதற்காகவும்தான் முழுச் சுவர் என்கிறேன்.

#27 எண்பதாம்நம்பர்

பத்து ஓட்டைக்குச் சின்ன ரோலர் போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் பிழை. முழுச் சுவருக்கு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

#28 கரணை

தங்கை, மறுபடி பிரைமர் வேண்டாம். அந்த இடங்களைத் தாளால் லேசாகத் தேய்த்து, சின்ன ரோலரில் எமல்ஷனையே இரண்டு முறை ஒற்றி எடுங்கள். புள்ளி எழும்பியதும் முழுச் சுவருக்கும் ஒரு கோட், மூலையிலிருந்து மூலைவரை நிற்காமல்.

#29 சுவர்க்கோழி

செய்கிறேன். கடைசியாக நடை. தேய்த்து, பிடிப்புப் பிரைமர் அடித்து, மறுநாள் நகத்தால் கீறினேன்; பிரைமர் சுருண்டு வந்தது. அழுகை வந்துவிட்டது. பயந்துபோய் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறேன். இன்றோடு ஏழாவது நாள்.

#30 பழையதூரிகை

காய்வது வேறு, இறுகுவது வேறு. இவ்வகைப் பிரைமர் சில மணியில் தொடக் காயும். எனாமலைக் கெட்டியாகப் பிடிக்க அதற்கு நாட்கள் வேண்டும். இன்று கீறிப் பாருங்கள்.

#31 சுவர்க்கோழி

கீறினேன். வரவில்லை. இன்னும் அழுத்திக் கீறினேன். அப்போதும் வரவில்லை. நகம்தான் உடைந்தது.

#32 பழையதூரிகை

அப்படியானால் பெயின்ட் டப்பாவைத் திறங்கள். அடிப்பதற்கு முன் அந்தக் கீறலை மட்டும் தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிடுங்கள்.